கதைக்குப் புகை எதற்கு?

மேல்நாடுகளில் மரக்குழாயில் புகையிலை அடைத்துப் புகைப்பதையே ஒரு கலையாகப் போற்றும் அன்பர்கள் பலர் உளர். 'பைப்' என்று இன்று வழங்கும் அக்குழாயைச் சுங்கான் என்பது நம் நாட்டு வழக்கு. இவ்வன்பர்கள் கழகங்கள் அமைத்துக் கூடுகின்றனர். மூன்று கிராம் புகையிலையை அணையவிடாமல் நெடுநேரம் புகைப்பவர் யார் என்று போட்டி வைக்கின்றனர். புகைத்தவாறே நட்புமுறையில் கதை சொல்லும் போட்டியும் நடத்தி மகிழ்கின்றனர். இதனைக் கேள்வியுற்ற நம் இளைஞருள் சிலர், "நாமும் இவ்வாறு கூடினால் என்ன? அரபு நாட்டுக் காப்பிக் கடைகளில் ஹுக்காவின் புகையினூடேதானே ஹகவாத்திகள் கதை சொன்னார்கள்? புகையும் கதையும் உடன்பிறப்புகள் அன்றோ?" என்று கேட்கின்றனர். கேட்பவர்கள் நல்ல பிள்ளைகள். கதையின்பால் காதல் கொண்டவர்கள். ஆதலின் சினவாது விடை கூறுவது நம் கடன் ஆகிறது.

கதைப் போட்டியை நாம் வெறுக்கவில்லை என்பதை முதற்கண் கூறிவிடுகிறோம். ஒருவர் சொல்ல மற்றவர் அதனை விஞ்ச முயல்வதில் பகையில்லை. சொல் கூர்மை பெறுகிறது. புகையிலை மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்னும் வழக்கையும் இங்கே நாம் எடுக்கவில்லை. அது உலமாப் பெருமக்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வந்த வழக்கு. டமாஸ்கஸ் நகரின் பேரறிஞர் அப்துல் கனி அந்நாபுலுஸி, ஆகும் என்று நிறுவத் தனி நூலே இயற்றினார். ஆகாது என்று எழுதியோரும் பலர். திருமறையில் 'அத்துகான்', அதாவது 'புகை', என்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆயினும் அப்புகை வேறு, இப்புகை வேறு. சொல்லொற்றுமையைக் கொண்டு தீர்ப்பெழுதுவது கற்றோர்க்கு அழகன்று. நாம் தொடுப்பது இலக்கிய வழக்கு. கதைக்குப் புகை துணையா என்பதே அதன் பொருள்.

வரலாற்றைக் கேட்போம். அரபியில் 'ஸமர்' என்றொரு சொல் உண்டு. இரவில் விழித்திருந்து பேசும் பேச்சு அது. நிலவொளியைக் குறித்த சொல், நிலவில் அமர்ந்து பேசும் கதைக்கு ஆகிவந்தது என்பர் அகராதியார். 987-ஆம் ஆண்டளவில் பக்தாதில் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியை இயற்றிய இப்னுந் நதீம், இந்த ஸமருக்கென்றே அதில் இடம் ஒதுக்கினார். அல்ஜஹ்ஷியாரி என்பார் கதை வல்லாரை அழைத்து, அவரவர் அறிந்தவற்றுள் சிறந்தவற்றைக் கேட்டு, ஆயிரம் கதைகள் தொகுக்கப் புகுந்தார் என்றும், 480 இரவுகளுக்குரியவை முடிந்த நிலையில் மரணம் அவரை முந்திக்கொண்டது என்றும் அவர் குறிக்கிறார். அல்ஜஹ்ஷியாரி இறந்தது 942-இல். அதன் பின்னர் 'மகாமாத்' இயற்றிய ஹமதானி 1008-இலும், அவ்வகையை உச்சிக்கு ஏற்றிய ஹரீரி 1122-இலும் மறைந்தனர். அவையில் நின்று சொல்லால் வெல்லும் கலைக்கு இவர்களினும் மிக்கார் யாவர்?

புகையிலையோ அமெரிக்க மண்ணின் செடி. 1492-இல் கொலம்பஸ் கடல் கடக்கும் வரை அரபியரோ, பாரசீகரோ, தமிழரோ அதன் இலையைக் கண்ணாலும் கண்டதில்லை. கதை வளர்ந்து, கிளைத்து, கனிந்த அத்தனை நூற்றாண்டுகளிலும் அதன் அருகே இப்புகை இருந்ததே இல்லை. இதற்கு மொழியே சான்று பகரும். நம் முன்னோர் அப்புது இலைக்குப் பெயர் தேடி, 'புகை இலை' என்று அதன் செயலையே பெயராக்கினர். அரபியரும் 'துகான்', புகை, என்றே வழங்கினர். பழம்பெயர் இல்லாத பொருளைப் பழமரபின் உடன்பிறப்பு என்பது எங்ஙனம்?

இனிக் காப்பிக் கடைக்கு வருவோம். உதுமானிய வரலாற்றாசிரியர் இப்ராஹீம் பெச்செவி தரும் குறிப்பின்படி, இஸ்தான்புல் நகரில் காப்பிக் கடை தோன்றியது ஹிஜ்ரி 962-இல், அதாவது 1554-55-இல். நூல் படிப்போரும், சதுரங்கம் ஆடுவோரும், கவிதை பேசுவோரும் அங்கே கூடினர். புகையிலை அந்நகரை எட்டியதோ 1600-ஆம் ஆண்டளவில் என்று அவரே எழுதுகிறார். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் காப்பிக் கடை புகையின்றியே பேச்சில் திளைத்தது. புகை வந்த பின்னர் ஒருவர் முகம் ஒருவர்க்குத் தெரியாதவாறு கடைகள் மூடுண்டன என்பதும் அவர் முறையீடே. முகம் தெரியாத அவையில் கதை சொல்பவன் எதைக் கண்டு சொல்வான்? கேட்போர் விழியன்றோ அவனுக்கு ஏடு!

நம் நாட்டிலும் இதே முறைதான். போர்த்துக்கீசியர் கப்பலேறி வந்த இவ்விலையைப் பீஜப்பூரிலிருந்து அழகிய குழாயோடு அக்பர் அவைக்குக் கொணர்ந்தவர் அஸத் பேக். காலம் 1604 அளவு. 1617-இல் ஜஹாங்கீர் அதனைத் தடுத்து ஆணையிட்டார். தமிழகத்தில் வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' மதுரையில் அரங்கேறியது 1572-இல். நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது அது. அக்பர் அவையில் முதற்புகை எழுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கேள்வியும் விடையுமாகக் கதை தொடுக்கும் கலையை நம்மவர் அரங்கேற்றிவிட்டனர் என்பதை நம் இளைஞர்கள் நெஞ்சிற் பதிக்க வேண்டும்.

"வரலாறு கிடக்கட்டும், புகைக்கும்போது பேச்சு நிதானப்படுகிறது, கதைக்கு இடையே இனிய மௌனம் பிறக்கிறது" என்பர் சிலர். மௌனம் கதைக்கு வேண்டியதே. ஆனால் அது கதையின் போக்கு கேட்கும் இடத்தில் விழ வேண்டும். குழாய் அணைந்த இடத்தில் விழுந்தால் அது கதையின் மௌனமாகுமா? "பைப் புகையை நாங்கள் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை" என்றும் கூறுவர். இழுக்கத் தேவையில்லை என்பதே உண்மை. காரத்தன்மை மிகுந்த அப்புகையிலிருந்து நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே குருதியில் கலக்கிறது. உதடு, நாக்கு, தொண்டை ஆகிய இடங்களில் புற்று எழக் காரணமாவதும் அப்புகையே. கதை சொல்வோனுக்கு இறைவன் அருளிய கருவிகளே இம்மூன்றும். தச்சன் தன் உளியைத் தானே மழுக்கிக்கொள்வது உண்டா?

அரபு மரபு என்ற பெயரால் பழச்சுவை கலந்த ஹுக்காவை இளைஞர்க்கு விற்ற கடைகளின் கதையும் இத்தகையதே. ஒரு மணிநேரம் ஹுக்கா புகைப்போர் உட்கொள்ளும் புகையின் அளவு, ஒரு சிகரெட்டின் புகையைப் போல் 100 முதல் 200 மடங்கு வரை ஆகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இல் எச்சரித்தது. தமிழகச் சட்டமன்றம் 2022-இல் சட்டத்தைத் திருத்தி ஹுக்காக் கூடங்களைத் தடை செய்தது. விற்றவன் கதையையா விற்றான்? கதையின் நினைவைச் சுவரோவியமாக மாட்டிவிட்டுப் புகையையன்றோ விற்றான்!

இவையெல்லாவற்றினும் நம்மை வருத்துவது வேறொன்று. புகை சூழ்ந்த அவையில் யார் அமர முடியும்? கருவுற்ற பெண் அமர முடியாது. கைக்குழந்தையோடு தாய் அமர முடியாது. இருமல் கண்ட முதியவர் அமர முடியாது. பள்ளிப் பிள்ளை அமரலாகாது. எஞ்சுவோர் நடுவயது ஆடவர் சிலர். அவர்கள் தங்களுக்குள் சொல்லித் தங்களுக்குள் சிரித்துக் கலையும் கதை, அடுத்த தலைமுறையின் காதில் விழுவதே இல்லை. ஆயிரத்தொரு இரவுகளில் கதை சொல்பவள் ஷஹ்ரஸாத் என்னும் பெண். நம் 'நூறு மசலா'வில் கேள்வி கேட்டு, விடையை எடைபோட்டு, தகுதியுடையவனைத் தேர்பவள் ஓர் இளவரசி. நம் மரபுக் கதையில் பெண் சொல்பவள்; பெண் நடுவர். பெண் நுழைய இயலாத கூட்டத்தை அம்மரபின் தொடர்ச்சி என்பது மரபுக்குச் செய்யும் அநீதி.

புகையிலையும் கதையும் நம் நாட்டில் உண்மையாகவே ஒன்றாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதனைப் புகைக் கழகத்தார் ஒருகாலும் பாடமாட்டார். மேலப்பாளையம் போன்ற ஊர்களில் நம் சகோதரிகள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகின்றனரே, அவ்விடந்தான் அது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. கை சுற்றிக்கொண்டிருக்க, வாய் கதை பேசும். மாமியார் கதை, கடல் கடந்து போனவர் கதை, நபிமார்கள் வரலாறு. புகையிலைத் தூள் அவர்களின் மூச்சில் ஏறுகிறது, கண்ணில் எரிகிறது. புகைப்பவன் விலை கொடுத்து வாங்கும் தீங்கை, புகைக்காத அப்பெண் வயிற்றுப்பாட்டுக்காகச் சுமக்கிறாள். அவர்தம் தொழிலை ஒரே நாளில் மூடுங்கள் என்று கூறும் கொடுமையை நாம் செய்யோம். மாற்றுத் தொழில் காட்டாதவர்க்கு அவ்வுரிமை இல்லை. புகையிலையை அழகுக் கலையாகப் புனைவோர், அந்தச் சுளகையும் தம் படத்தில் வரையட்டும் என்றே கேட்கிறோம்.

எதிர்த் தரப்பின் மிக வலிய வாதம் ஒன்று எஞ்சியுள்ளது. "அவர்கள் கூடவாவது செய்கிறார்கள், கதை சொல்லவாவது செய்கிறார்கள். உங்கள் வீடுகளில் ஆளுக்கொரு கைப்பேசியை ஏந்தி ஆளுக்கொரு மூலையில் அமர்ந்திருக்கிறீர்களே!" இவ்வாதத்தை நாம் மறுக்கவியலாது. இஷாத் தொழுகைக்குப் பின் கிஸ்ஸா படிக்கக் கேட்ட வீடுகள் இன்று எத்தனை? பேரன் கேட்டால், "போய்ப் படி" என்று விரட்டும் பாட்டனார் எத்தனை பேர்? வீட்டில் கதை கிடைக்காத பிள்ளை, அது கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகிறான். அங்கே கதையோடு குழாயும் நீட்டப்படுகிறது. குழாயைப் பழிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. கதையைப் புகையற்ற இடத்தில் நாம் பரிமாறியாக வேண்டும். நான்காம் முராத் 1633-இல் காப்பிக் கடைகளை மூடி, புகைத்தவர்க்கு மரண தண்டனையும் விதித்தார். ஆயினும் புகை ஒழியவில்லை. வாளால் முடியாதது நல்ல விருந்தால் முடியும் என்பது நம் நம்பிக்கை.

அவ்விருந்தை எங்கே தொடங்குவது? நாம் இதனை எழுதும் மரக்காணத்து உப்பளக் கரையிலேயே தொடங்கலாம் என்போம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து. பரிசில் பெற்ற பாணன் ஒருவன் மற்றொரு பாணனுக்கு வழி சொல்லி, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துவதே அந்நூல். சொல்வானும் கேட்பானும் இணைந்து நடக்கும் நெடுங்கதை. எயிற்பட்டினத்துப் பரதவர் பாணருக்குச் சுட்ட மீனும் தேறலும் அளித்ததை அந்நூல் கூறுகிறது. அதனை நாம் மறைக்கவில்லை. புகையிலைதான் அங்கே இல்லை. உப்பை வண்டியேற்றி உள்நாடு சென்ற உமணரும் தம் சுமையோடு கடற்கரைச் செய்திகளைக் கொண்டு சென்றிருப்பர்.

இன்று அவ்வளங்களில், வெயில் ஏறும் முன் இருட்டிலேயே இறங்கி, பாத்தியில் உப்பு வாரும் ஆண்களும் பெண்களும் உளர். கழுவெளி நீர்ப்பரப்பு 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதைப் பலர் அறிவர். அதன் அருகே வாழும் உப்பளத்தாரின் கதைகளை அறிந்தவர் எத்தனை பேர்? வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். அம்மழை மாதங்களில் ஒரு கதைப் போட்டி வைப்போம். சமயம் பாராது அனைவரையும் அழைப்போம். சொல்ல வருவோர்க்கு ஒரு நாள் கூலியை முன்னதாகவே அளிப்போம். ஏழையின் கதையை இலவசமாக வாங்குவது நமக்குப் பெருமை தராது. பெண்களும் சொல்லட்டும், நடுவரிலும் பெண்கள் அமரட்டும். சொன்ன கதையை ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும் எழுதி வைப்போம். சிறந்த கதைக்கு ஒரு பரிசு என்றால், கேட்ட கதையை மறுநாள் பிழையின்றித் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு அதனினும் பெரிய பரிசு அளிப்போம். புகைக்க விழையும் அன்பர் வெளியே சென்று புகைத்து வரட்டும்; அவர் வரும் வரை கதை காத்திராது என்பது மட்டுமே நம் விதி.

'கிஸ்ஸா' என்னும் அரபுச் சொல்லின் வேர், அடிச்சுவடு பற்றிப் பின்தொடர்தல் என்னும் பொருளுடையது. முன் நடந்தவரின் சுவட்டில் பின் வருபவர் கால் வைத்து நடப்பதே கதை. அச்சுவட்டை நம் பிள்ளைகளுக்குக் காட்டும் பொறுப்பு நம்முடையது. பைப்புக் கழகத்தாரோடு நமக்குப் பகை யாதும் இல்லை. அவர்களும் குழாயை வாசலில் வைத்துவிட்டு வரட்டும். உப்பளத்து மூதாட்டியோடு கதையில் போட்டியிடட்டும். வென்றால் முதற்கண் கைகுலுக்குவோர் நாமாகவே இருப்போம்.