வீட்டுக்கு மேலே நீட்டி விட்ட கம்பி

களியக்காவிளை சந்திப்பிலிருந்து எந்த ரோட்டில் போனாலும் இந்தக் காட்சி தப்பாது. மொட்டை மாடியில் தூணுக்குத் தூண் கம்பி நீட்டிக்கிட்டு நிற்கும். "பின்னால பையனுக்கு மாடி எடுக்க ஆகும்லா" என்று கொத்தனார் சொன்னார், விட்டாச்சு. பையன் குடும்பத்தோட ஷார்ஜாவில் இருக்கிறான். நமக்கு இடவப்பாதியும் உண்டு, துலாவர்ஷமும் உண்டு. ரெண்டு மழையிலும் நனைந்து கம்பி துருவேறி, துரு தூணுக்குள்ளேயும் இறங்கியாச்சு. கம்பியை நீட்டி விட்டால் வருங்காலத்தை யோசித்தாச்சு என்று அர்த்தமா?

நாம வீடு வைக்கிறது குடும்பத்துக்கு இல்லை, பால்காய்ப்பு நாளுக்கு. அன்னைக்கு வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எந்த ரூம் என்று கணக்குப் போட்டு, இருபது வருஷக் கடனில் அதை அப்படியே வார்த்து விடுகிறோம். குடும்பம் அப்படியே இருக்குமா? மூணாம் வருஷம் மகள் கல்யாணமாகிப் போவாள். பத்தாம் வருஷம் அப்பனுக்கு முட்டு மடங்காது. வீடு மட்டும் அசையாது.

எங்க பக்கத்தில் ஒரு வீடு. படுக்கை அறை மூணு, மூணும் மாடியில், மூணும் அட்டாச்டு. கீழே ஹாலும் அடுக்களையும் கார் நிறுத்த இடமும். வீட்டம்மா விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்ச பிறகு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டார்கள். கீழே இருக்கிற ஒரே கக்கூஸ் வெளியே, ரெண்டு படி இறங்கணும். தன் நகையை விற்று வைத்த வீட்டில், கதவடைத்து உடுமாத்த அந்த அம்மாவுக்கு ஓர் இடமில்லை. வாஸ்து பார்த்து வைத்த வீடுதான் அது.

இன்னொரு வீட்டில் அப்பா போன பிறகு மேலே தம்பிக்கு, கீழே அண்ணனுக்கு என்று பங்கு. மாடிப்படி ஹாலுக்குள்ளே. தம்பி வீட்டுக்கு மீன் வாங்கிட்டுப் போறவன்கூட அண்ணன் சாப்பிடுகிற இடத்தைத் தாண்டித்தான் போகணும். மருமக்கள் ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு நாலு வருஷம், இப்போ கேஸ். படி வெளியே இருந்திருந்தால் இதில் பாதிச் சண்டை பிறந்திருக்காது.

பழைய ஓட்டு வீட்டுக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. கழுக்கோலை நீட்டி ஒரு சாய்ப்பு இறக்கினால் ஒரு அறை ஆச்சு. மாடு இருந்தால் தொழுத்து, மாட்டை விற்றால் தேங்காய் போட இடம், அக்கா பிரசவத்துக்கு வந்தால் ஓலை வைத்து மறைத்து அதுவே அறை. பிரித்தாலும் ஓடும் மரமும் அடுத்த வீட்டுக்கு ஆகும். கான்கிரீட்டை உடைத்தால் அள்ளிப் போட லாரிக்கு நாமதான் வாடகை கொடுக்கணும். தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்க. தாய்க் கொட்டாரம் முதலில் வந்தது. அப்புறம் வந்த ராஜாக்கள் தேவைக்குத் தேவை கட்டிச் சேர்த்தார்கள். நாலு நிலை உப்பரிகை மாளிகை மார்த்தாண்ட வர்மா காலத்தது. திருவிதாங்கூர் ராஜாவே ஒரேயடியாக வீட்டை முடிக்கவில்லை, நமக்கென்ன அவசரம்?

பழைய வீடு சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் புகை அடுக்களையில் எங்கம்மா கண் போனதை நான் பார்த்தவன். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அங்கே மறைவு என்று ஒன்று கிடையாது. மருமகள் தனி பாத்ரூம் கேட்டால் அது நியாயம். அதைக் கீழேயும் ஒண்ணு வை என்பதுதான் என் சண்டை.

படித்தவர்கள் சொன்னால்தான் கேட்போம் என்றால், திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் லாரி பேக்கர் பாறைச் சரிவில் தன் வீட்டைச் சின்னதாகத் தொடங்கி, வருஷக் கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே இருந்தார். இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். இந்தூர் நகரில் 1980-களில் பி.வி. தோஷி ஆரண்யா என்று ஒரு குடியிருப்பு அமைத்தார். ஏழைகளுக்கு மனை, அடித்தளம், கக்கூஸ், தண்ணீர். மிச்சத்தைக் கையில் பணம் வரும்போது அவரவர் கட்டிக்கொண்டார்கள். அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில்கூட 360 சதுர அடியில் 300 தான் கட்டாயம் கான்கிரீட், மிச்ச 60-க்கு நம்ம விருப்பப்படி ஓடு போடலாம். நம்ம ஆட்களோ கடன் வாங்கி அந்த 60 அடியையும் வார்த்து விடுகிறார்கள். அப்புறம் ஒழுகுகிறது என்று மேலே தகரக் கூரை. அதற்குத் தனிக் கடன்.

2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் 10 லட்சத்துக்கும் மேலான வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் நம்ம ஊரில் ராத்திரி நடந்து பாருங்க, எத்தனை மாளிகையில் ஒரே ஒரு லைட் எரிகிறது என்று.

இப்போ எங்க வீட்டிலும் பிளான் வந்திருக்கிறது. மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான், 2,200 சதுர அடி, படி ஹாலுக்குள்ளே சுருண்டு ஏறுகிறது, பார்க்க சினிமா வீடு மாதிரி. அவன் சம்பாத்தியம், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனா இடம் என்னுடையது, 8 செண்ட். இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன்: கீழே ஒரு அறை, பாத்ரூமோடு, சக்கர நாற்காலி போகிற அகலத்தில் கதவு. படி வெளியே. மாடிக்கு வயரிங்கும் தண்ணீர்க் குழாயும் தனி, பின்னால் அடுக்களை வைக்க ஒரு கழிவுக் குழாய் இப்பவே. ரோட்டுப் பக்க அறைக்கு வெளியிலிருந்து ஒரு வாசல். இன்னைக்கு நான் ரப்பர் ஷீட் அடுக்குவேன், நாளைக்கு மருமகள் தையல் கடை போடலாம், யாருமில்லை என்றால் வாடகைக்கு விடலாம். உள்சுவரில் ரெண்டு இடத்தில் கதவு இல்லாவிட்டாலும் லிண்டல் போட்டு வைக்கணும், அப்போதான் வேணும்போது சுவரை உடைத்து வாசல் எடுக்க முடியும். மாடியில் இப்போ ஒரே ஒரு அறை, அதுவும் ஓடு போட்டு.

இன்ஜினியர் "எலிவேஷன் நல்லா வராது" என்கிறார். மகன் இன்னும் பதில் போடவில்லை. டிக் மட்டும் நீலமாகியிருக்கிறது.