எலும்புப் பெட்டியும் மடிக்கணினியும்

மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற பிள்ளையின் இல்லம் ஓரிரு வாரங்களுக்குத் திருமண வீடு போலத் திகழும். உற்றாரும் ஊராரும் வந்து வாழ்த்துவர், சால்வைகள் குவியும், மஹல்லாவின் பெரியவர்கள் வாசலில் நின்று நலம் கேட்டுச் செல்வர். அந்த மகிழ்ச்சிக்கிடையே எவரேனும் ஒருவர், "பிள்ளைக்கு நல்லதாக ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்பார். சொன்னவர் போய்விடுவார், பணம் தேடும் பொறுப்பு பெற்றோரின் தலையில் வந்து அமரும்.

தமிழ்த்துறையைச் சார்ந்த ஒருவன் இப்பொருள் பற்றி எழுதுவதேன் என மாணவ நண்பர்கள் நகைக்கலாம். பட்டறிவு ஒன்றே என் தகுதி. அதுவும் காசு கொடுத்துப் பெற்ற பட்டறிவு.

என் தமக்கையின் மகள் அரசுப் பள்ளியில் பயின்றவள். 2020ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டின் பயனாக, 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் பெற்றாள். கல்விக் கட்டணக் கவலை இல்லை. ஆயினும் மடிக்கணினிக்கென என் தமக்கை தன் காப்புகளில் ஒரு சோடியை அடகு வைத்தார். நகரத்துப் பெரிய கடையொன்றில், விற்பனையாளர் பரிந்து பேசிய பொறியொன்றை அறுபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினார்கள். கணினி விளையாட்டுக்கென்றே தனி வரைகலைச் சில்லு பொருத்திய பொறி அது. விசைகளின் அடியில் வானவில் நிறங்களில் விளக்கெரியும். "மெடிக்கல் படிப்புக்கு உடற்கூற்றுப் படங்களை முப்பரிமாணத்தில் பார்க்க இதுதான் வேண்டும்" என்று விற்பனையாளர் கூறினாராம். எடை 2.3 கிலோ, மின்னேற்றியையும் சேர்த்துத் தூக்கினால் மூன்றை நெருங்கும். விடுதியிலிருந்து வகுப்பறைக்கும், அங்கிருந்து நூலகத்துக்கும் அதைச் சுமந்து சென்றாள் அப்பெண். மின்கலமோ இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

பதினான்காம் மாதத்தில் மூடியை உடலோடு இணைக்கும் கீல் பிளந்தது. உத்தரவாதம் பன்னிரண்டாம் மாதத்தோடு முடிந்திருந்தது. பழுது நீக்கும் நிலையத்தில் 'வெளிச்சேதம்' என எழுதிப் பதினாறாயிரம் ரூபாய் கேட்டார்கள். தவறி விழுந்த சேதத்துக்குத் தனிக்காப்பு உண்டென்பதும், அதனை வேறாகப் பணம் கட்டிப் பெறவேண்டும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

இவ்விடத்தில் கீலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். விலை மலிந்த பொறிகள் பலவற்றில் கீல் உலோகந்தான். ஆனால் அது பற்றியிருக்கும் இடம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கினுள் பதித்த சிறு பித்தளைக் குமிழ்களில் திருகாணி முடுக்கப்பட்டிருக்கும். நாளடைவில் கீல் இறுகும். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அவ்விறுக்கத்தின் விசை முழுவதும் பிளாஸ்டிக்கின் மீது விழும். ஒரு நாள் குமிழ் பெயர்ந்து வெளிவரும். உள்ளே செயலியும் நினைவகமும் பழுதின்றி இருக்கும். எனினும் பொறி பயனற்றுக் கிடக்கும். விற்பனை நிலையத்துப் பலகையில் செயலியின் வேகம் எழுதப்பட்டிருக்கும். நினைவகத்தின் அளவு எழுதப்பட்டிருக்கும். கீல் எதில் பற்றியிருக்கிறது என்பதை எழுதிவைத்த கடை எதையும் யான் கண்டதில்லை.

மருத்துவப் படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டுப் பயிற்சி. ஐந்தரை ஆண்டுகள் உழைக்கவேண்டிய பொறிக்கு வேகம் இரண்டாவது தகுதியே. முதல் தகுதி பழுது பார்க்க இயலுவது. இதனை நான் துணிந்து கூறுகிறேன். ஏனெனில் மருத்துவ மாணவர் கணினியில் செய்யும் பணி கனமானதன்று. பாடநூற் கோப்புகளைப் படிப்பது, விரிவுரைக் காட்சிகளைக் காண்பது, குறிப்பெழுதுவது, 'ஆங்கி' போன்ற இலவச நினைவட்டைச் செயலியில் மருந்துப் பெயர்களையும் நரம்புப் பெயர்களையும் மீட்டுப் பார்ப்பது ஆகியவை அன்றாடப் பணிகள். முப்பரிமாண உடற்கூற்றுப் படங்களைக் காட்டவும் இக்காலத்துப் பொறிகளில் இயல்பாகவே அமைந்துள்ள வரைகலைத் திறன் போதும். விளையாட்டுச் சில்லு எடையைக் கூட்டும், வெப்பத்தைக் கூட்டும், மின்கலத்தை உறிஞ்சும். உடலின் நரம்பையோ நாளத்தையோ அது கூடுதலாகக் கற்பித்துவிடாது.

அவ்வாறாயின் எதை வாங்குவது? நிறுவனங்கள் தம் ஊழியர்க்கென மொத்தமாக வாங்கும் பொறி வகைகள் சில உள்ளன. 1992இல் ஐபிஎம் அறிமுகப்படுத்தி, 2005இல் லெனோவோவின் உடைமையான திங்க்பேட் அவற்றுள் ஒன்று. டெல் நிறுவனத்தின் லாட்டிட்யூட், எச்பி நிறுவனத்தின் எலைட்புக் ஆகியவையும் அவ்வினத்தவை. பல்லாயிரம் பொறிகளை ஒருசேர வாங்கும் நிறுவனம், அவற்றைப் பழுது பார்க்கும் ஆட்களையும் தானே வைத்திருக்கும். ஆதலின் எளிதில் திறந்து மூடக்கூடிய பொறியையே அது கேட்டு வாங்கும். அடிமூடியின் சில திருகாணிகளைக் கழற்றினால் சேமிப்பகத்தையும் மின்கலத்தையும் மாற்றலாம். பல வகைகளில் நினைவகத்தையும் கூட்டலாம். எப்படிக் கழற்றுவது என்னும் கையேட்டை அந்நிறுவனங்களே படங்களுடன் இலவசமாக வெளியிடுகின்றன. இவற்றுள் பலவற்றின் விசைப்பலகையில் சிந்திய நீர் உள்ளிறங்காமல் தடுக்கும் அமைப்பும் உண்டு. தேநீர்க் கோப்பையும் மடிக்கணினியும் ஒரே மேசையில் நள்ளிரவு வரை விழித்திருக்கும் விடுதிகளில் இதன் அருமை தெரியும்.

புதியதாக வாங்கினால் இவற்றின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. ஆனால் நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் இவற்றைக் கழித்துவிட்டுப் புதியன வாங்குகின்றன. கழித்தவை மொத்த வணிகர் வழியாகச் சென்னை ரிச்சி தெருவுக்கும் பெங்களூரு எஸ்.பி. சாலைக்கும் வந்து சேர்கின்றன. துடைத்துச் சரிபார்த்து விற்கிறார்கள். 2024இல் அத்தகைய பொறியொன்றை, 16 ஜிபி நினைவகமும் 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகமும் உடையதாக, இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு என் தமக்கை மகளுக்கு வாங்கினோம். எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மிகுதி.

வாங்குவதற்கு முன் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. "டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்கு யாரோ தேய்த்துப் போட்டதையா வாங்கிக் கொடுப்பது, தம்பி? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று என் தமக்கை கண் கலங்கினார். அக்கேள்வியில் வறுமையின் வலியும் இருந்தது, மானமும் இருந்தது. எனக்கு விடை தோன்றவில்லை. விடை கூறியவள் அப்பெண்தான். "உம்மா, என் எலும்புப் பெட்டி நான்கு பேர் கைமாறி என்னிடம் வந்தது. அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்றாள்.

மருத்துவக் கல்லூரிகளின் வழக்கத்தை அறியாதவர்க்கு இதனை விளக்கவேண்டும். முதலாண்டில் உடற்கூற்றியல் பயிலும் மாணவர்க்கு மனித எலும்புத் தொகுதி ஒன்று தேவைப்படும். பலரும் அதனை மூத்த மாணவரிடமிருந்தே விலைக்கோ அன்பளிப்பாகவோ பெறுகின்றனர். ஆண்டு முடிந்ததும் அடுத்த அணிக்குக் கைமாற்றுகின்றனர். தசை தொடங்கும் இடத்தைச் சிவப்பாலும் முடியும் இடத்தை நீலத்தாலும் தீட்டுவது மரபு. முன்னவர் கவனமாகத் தீட்டிய எலும்பு, தீட்டாத புது எலும்பினும் பின்னவர்க்கு மிகுதியாகப் பயன்படும். பழைய பாடநூல்களும் அவ்வாறே கைமாறும். மருத்துவக் கல்வியின் முதற்பாடமே பிறர் பயன்படுத்திய பொருளில்தான் தொடங்குகிறது. மடிக்கணினி ஒன்றுக்கு மட்டும் நாம் வெட்கப்படுகிறோம்.

ஆயினும் பழம்பொருள் சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டலாகாது. இன்டெல் செயலியாயின் அதன் தலைமுறை எண்ணை முதலில் பார்க்கவேண்டும். ஐ5 என்பதன் பின்வரும் எண் 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை; 1135 என்றிருந்தால் பதினொன்றாம் தலைமுறை. எட்டுக்குக் கீழ்ப்பட்டவை, ஒருசில நீங்கலாக, விண்டோஸ் 11க்கு ஏற்றவையல்ல. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆதலால் ஏழாம் தலைமுறைப் பொறியைப் பத்தாயிரத்துக்குத் தருகிறேன் என்று ஒருவர் அழைத்தால் அது மலிவு அன்று.

அடுத்து மின்கலம். அது தேய்ந்தே வரும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. செய்தபோதிருந்த கொள்ளளவையும் இப்போது ஏற்கும் கொள்ளளவையும் அருகருகே காட்டும் அறிக்கை விண்டோஸிலேயே உண்டு. விற்பவர் முன்னிலையில் அதை எடுத்துப் பார்க்கலாம். பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் புது மின்கலத்தின் விலையைக் கழித்துக் கேட்கவேண்டும். பொறியைத் தொடக்கும்போது பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் கேட்டால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் திரும்பிவிடவேண்டும். எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பதும், திரையில் வெண்பக்கம் ஒன்றைத் திறந்து கறை உண்டா என நோக்குவதும், மூடியைப் பலமுறை திறந்து மூடி ஓசை வருகிறதா எனக் கேட்பதும் பத்து நிமிட வேலை. 'இராணுவத் தரம்' என்னும் ஒட்டுத்தாளைக் கண்டு மயங்கவேண்டா. அது குறிக்கும் அமெரிக்கத் தரத்தின் சோதனைகளுள் எவற்றை நடத்துவது என்பதை உற்பத்தியாளரே தேர்ந்துகொள்கிறார்.

இதற்கு மாற்றுக் கருத்து உண்டு. அதில் நியாயமும் உண்டு. பழைய பொறிக்கு நெடிய உத்தரவாதம் கிடையாது. தாய்ப்பலகை பழுதானால் போட்ட பணம் போனதுதான். பெருநகரத்துக்கு வெகுதொலைவில் இருப்பவர்க்கு நம்பகமான கடை அருகில் இராது. கையில் பணம் உள்ளவர்கள் இதே வகையில் புதியதை, வீட்டுக்கே வந்து பழுது நீக்கும் மூன்றாண்டு உத்தரவாதத்தோடு வாங்கினால் யான் தடுக்கமாட்டேன். ஆப்பிளின் மேக்புக் ஏர் பற்றியும் மாணவர் கேட்கின்றனர். 2020இல் வந்த எம்1 சில்லு முதலாக அது விசிறியின்றி இயங்குகிறது, மின்கலமும் நெடுநேரம் நிற்கிறது. ஆனால் நினைவகத்தைப் பின்னர்க் கூட்ட வழியில்லை. திரை உடைந்தால் வரும் செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்டபின் ஆசைப்படலாம்.

இன்னொன்று, அவசரம் வேண்டா. சேர்ந்த முதல் மாதங்களில் உடற்கூற்றுக் கூடமும் அச்சுநூலும் கைப்பேசியுமே போதும். பல்கலைக்கழக எழுத்துத் தேர்வும் கையால் எழுதுவதே. கல்லூரி நூலகத்தில் கணினி உண்டா, மூத்தவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்றெல்லாம் கண்டறிந்தபின் வாங்குவோர் ஏமாறுவது குறைவு. அரசின் உதவியையும் கேட்டறியவேண்டும். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் முதன்மையாகப் பள்ளி மாணவர்க்கானதாக இருந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையிலோ கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கணினி வழங்குவதாக அறிவிப்பு வந்தது. தம் கல்லூரியும் ஆண்டும் அதில் அடங்குமா என்று விசாரித்த பிறகு அடகுக்கடைக்குப் போகலாம்.

வாங்கியபின் காப்பதும் ஒரு கலை. மெத்தையின் மீது வைத்தால் அடிப்புறத்துக் காற்றுவழி அடைபடும். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் வைத்துச் சென்றால் மின்கலத்தின் ஆயுள் குறையும். மாதம் ஒருமுறை குறிப்புகளை வேறொரு தட்டில் படியெடுத்து வைக்கவேண்டும். திருட்டு இல்லாத விடுதியை யான் அறியேன். பொறி போனால் வேறொன்று வாங்கலாம். மூன்றாண்டுக் குறிப்புகளை எந்தத் தெருவில் வாங்குவது?

நிறைவாகச் சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பாராட்டு விழா எடுத்து, மருத்துவ மாணவர்க்கு மேடையில் மடிக்கணினி வழங்கும் நற்பழக்கம் பல ஊர்களில் வந்துவிட்டது. வழங்குவோரின் உள்ளம் உயர்ந்தது. ஆனால் பெட்டி பிரிக்காத புதுப்பொருளாக இருக்கவேண்டும், கையிலுள்ள தொகையும் அத்தனை பேருக்கு வரவேண்டும் என்னும் இரு நிபந்தனைகளால், 4 ஜிபி நினைவகமும் ஒட்டிவைத்த உறுப்புகளும் உடைய மெலிந்த பொறிகளே மேடையேறுகின்றன. இரண்டாம் ஆண்டில் அவை என்னவாயின என்று எவரும் கேட்பதில்லை. அத்தொகையில் பாதிக்குத் தேர்ந்த பழைய பொறியும், எஞ்சியதில் மூன்றாம் ஆண்டின் மின்கலத்துக்கும் பழுதுச் செலவுக்குமென ஒரு சிறு வைப்பும் ஏற்படுத்தலாம். பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் தம் பொறியை அவ்வைப்பகத்தில் திருப்பித் தரலாம். சரிபார்த்து அடுத்தவர்க்கு வழங்கலாம். சரிபார்க்கும் கைகளுக்கும் பஞ்சமில்லை. நம் கல்லூரியின் கணினித்துறை மாணவர்க்கே அதனை ஒரு பயிற்சியாக அமைக்க இயலும். என் தமக்கை மகள் தன் பொறியைத் தருவதாக இப்பொழுதே சொல்லியிருக்கிறாள். மின்கலத்தைச் சென்ற ஆண்டு தானே மாற்றினாள், திருகாணி ஒன்று மட்டும் எங்கோ உருண்டு போய்விட்டதாம்.