பதிவேடு இருக்கிறது, சாவி யாரிடம்?

"அந்தக் காலத்து ஸ்டெபிலைசர் முப்பது வருஷம் உழைத்தது, இப்போது வாங்குகிற சாமான் மூன்று வருஷம்கூடத் தாங்குவதில்லை" என்று நம் வயதுக்காரர்கள் சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். உழைத்த ஸ்டெபிலைசரைத்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். பழுதானதெல்லாம் எடைக்குப் போய்விட்டது. அதைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்? வீட்டுச் சாமான்களுக்குள் மின்சாரத்தை நிர்வகிக்கும் வேலை அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. மாறிய விதத்தில் ஒரு விஷயம் மட்டும் பிடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில், நிர்வாகம் என்று எதைச் சொல்கிறேன்? சுவரில் வருவது 230 வோல்ட். ரேடியோவுக்கு வேண்டியது 6 அல்லது 9. மின்விசிறிக்குக் காலையில் ஒரு வேகம், மத்தியானம் ஒரு வேகம். வருவதை வேண்டியதாக மாற்றிக் கொடுக்க நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்தக் காலத்து ஆள் யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மின்விசிறிக்கு, சுவரில் பதித்த கனமான ரெகுலேட்டர் பெட்டி. அதற்குள் கம்பிச் சுருள். வேகத்தைக் குறைத்தால் மிச்ச மின்சாரத்தை அந்தச் சுருள் சூடாக்கித் தீர்த்துவிடும். மழைக்காலத்தில் அதன்மேல் கை வைத்தால் இதமாக இருக்கும். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு எலிமினேட்டர்: உள்ளே செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், பாட்டு இல்லாத நேரத்திலும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். டி.வி.க்கு ஸ்டெபிலைசர். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் விளக்குப் போட்டால் முள் இறங்கும், உள்ளே ரிலே 'டக்' என்று விழும், படம் ஒரு நொடி சுருங்கி விரியும். ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் முக்கியமான கட்டத்தில்தான் அந்த டக் விழும் என்பது வேறு கதை.

அப்புறம் வந்த மூன்று கால் ரெகுலேட்டரும் அதே ஜாதிதான். 7805 என்று ஒரு சில்லு. ரேடியோ மெக்கானிக் கடையில் டப்பா நிறைய இருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் 5 வோல்ட் தரும். மீதி 7? அதுவும் சூடுதான். ஒரு ஆம்பியர் ஓடினால் 5 வாட் வேலைக்கு, 7 வாட் வெறும் வெப்பத்துக்கு. வேலைக்குப் போவதைவிட வீணாவது அதிகம். நம் ஊர் சமாராதனைகளில்கூட இவ்வளவு வீணாகாது.

இங்கே ஒரு சின்ன வார்த்தை விளையாட்டு. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். இயற்பியல் பாடத்தில் ஆம்பியரும் கூலோமும் பிரெஞ்சுக்காரர்கள் என்று வாத்தியார் சொல்லும்போது அவர் மார்பு கொஞ்சம் விரியும், ஏதோ இரண்டு பேரும் துய்ப்ளே வீதியில் பிறந்த மாதிரி. பிரெஞ்சில் டிஜிட்டலுக்கு 'நுமெரிக்' என்று சொல்வார்கள். எண் சம்பந்தப்பட்டது என்று பொருள். ஆங்கில வார்த்தை விரலிலிருந்து வந்தது. விரலை வைத்துக்கொண்டு என்ன புரியும்? தமிழில் 'இலக்கமுறை' என்கிறோம். இலக்கம் என்றாலும் எண்தான். இந்த விஷயத்தில் தமிழும் பிரெஞ்சும் ஒரு பக்கம், ஆங்கிலம் தனியாக நிற்கிறது. விஷயமும் அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. மின்னழுத்தத்தை அளந்து, அதை ஒரு எண்ணாக மாற்றி, அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு முடிவெடுப்பதுதான் டிஜிட்டல் முறை.

என் தங்கை மகன் பெங்களூரில் மின்வழங்கிப் பலகைகள் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். "மாமா, நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு பவர் சப்ளை ஒழுங்காக நிற்கவில்லை என்றால் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு ஒரு ரெசிஸ்டரை எடு, வேறு போடு, கப்பாசிட்டரை மாற்று என்று நாள் முழுக்க உட்கார்ந்திருப்போம். இப்போது லேப்டாப்பில் ஒரு எண்ணை மாற்றி எண்டர் தட்டினால் போதும்" என்றான். பெரிய கம்ப்யூட்டர் பலகை ஒன்றில் பத்து இருபது விதமான மின்னழுத்தம் வேண்டுமாம். எது முதலில் வரவேண்டும், எது பிறகு என்று வரிசை உண்டு. வரிசை தப்பினால் சில்லு போய்விடும். நடுவிலிருக்கும் பிராசஸருக்கு ஒரு வோல்ட் அளவுதான், ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதுவும் கேட்ட கணத்தில் வேண்டும். இதையெல்லாம் மேய்ப்பதற்காக, பவர் சில்லுகள் இரண்டு கம்பியில் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும் ஒரு பொது விதியை 2005-இல் வெளியிட்டார்கள். பி.எம்.பஸ் என்று பெயர். எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு சூடு, எப்போது மக்கர் செய்தது எல்லாவற்றையும் அதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதைக் கேட்டதும் எனக்குள் இருக்கும் பழைய குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்தான். எனக்கு இது நன்றாகப் புரிகிறது. அனலாக் என்பது பழுத்த சூப்பரின்டெண்ட் மாதிரி. ஃபைலைக் கையில் வாங்கியதுமே என்ன செய்யவேண்டும் என்று தெரியும், உடனே செய்துவிடுவார், ஏன் செய்தார் என்று எங்கும் எழுதமாட்டார். அவர் ஓய்வு பெற்றால் எல்லாம் அவரோடு போய்விடும். டிஜிட்டல் என்பது நோட் ஷீட்டும் பதிவேடும் வைத்து நடத்தும் செக்‌ஷன். ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, காரணம். முப்பத்து மூன்று வருஷம் பதிவேடு எழுதியவன் பதிவேட்டை எதிர்ப்பானா?

பலனையும் கண்ணால் பார்த்தேன். எங்கள் வீட்டில் மூன்று மின்விசிறிகளைப் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினோம். பழையது ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும், இது 30 வாட் அளவு. ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு மாதம் 20 யூனிட் மிச்சம், மூன்றுக்கு 60. மின்னழுத்தம் இறங்கினாலும் வேகம் இறங்குவதில்லை. ரெகுலேட்டர் பெட்டி சுடுவதில்லை, ஏனென்றால் பெட்டியே இல்லை. ரிமோட்டைத் தேடுவதுதான் புது வேலை. 2023 ஜனவரியிலிருந்து மின்விசிறிக்கும் நட்சத்திர முத்திரையைக் கட்டாயமாக்கியதை நல்ல காரியம் என்றே சொல்வேன்.

பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் கோடையில் ஒரு ராத்திரி மின்சாரம் போய்ப் போய் வந்தது. விடிந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் நின்றிருந்தது. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வைத்தது, பெயர் பெற்ற கம்பெனி, பெயர் வேண்டாம். பின்னால் பலகையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. முத்தியால்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், பழைய ஃபிரிட்ஜ் என்றால் தெர்மோஸ்டாட்டா, ரிலேயா என்று காதாலேயே சொல்லிவிடுவார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது என்னமோ சொல்லுது. ஆனா என்ன சொல்லுதுன்னு கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும்" என்றார். இத்தனை தடவை மின்னினால் இன்ன பழுது என்று அதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதை வெளியே தரமாட்டார்கள். கம்பெனி ஆள் நான்காம் நாள் வந்தார், போர்டு மாற்றவேண்டும் என்றார். போர்டு வருவதற்கு மொத்தம் பதினொரு நாள்.

அந்த ஃபிரிட்ஜில் என் மனைவியின் இன்சுலின் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். தெருமுனை மருந்துக் கடைக்காரர், "அம்மா பேரை எழுதி ஒட்டிக் கொடுங்க ஐயா, என் பெட்டியில இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஊசி போட எடுத்து நடப்பில் இருந்ததை மட்டும், பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல் என்று வைத்துச் சமாளித்தோம். மே மாதம் அது. புதிய தொழில்நுட்பத்தின் பழுதை மண்பானை தாங்கிப் பிடித்தது என்று அவள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

என் வழக்கு இதுதான்: பதிவேடு எழுதப்பட்டிருக்கிறது, என் வீட்டுக்குள்தான் இருக்கிறது, அதற்கு நான் பணமும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அலமாரியின் சாவி வேறொருவர் கையில். அனலாக் காலத்தில் சாவியே தேவைப்படவில்லை. எரிந்த ரெசிஸ்டர் கருத்துக் கிடக்கும், உப்பிய கப்பாசிட்டர் கண்ணுக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத மெக்கானிக்கும் முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்வார். அந்த அறிவு தெருவில் இருந்தது. இப்போது அறிவு எண்களுக்குள் போய்விட்டது. எண்ணை மறைத்துவிட்டால் தெருவுக்கு ஒன்றுமில்லை.

இந்தச் சாவி விஷயத்தைப் பிரான்சில் சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள். ஆப்பிள் கம்பெனி விவகாரம் ஞாபகம் இருக்கலாம். பழசான பேட்டரி திடீர் இழுப்பைத் தாங்காமல் ஐஃபோன் பட்டென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் வழியாக அதன் வேகத்தைக் குறைத்தார்கள். யோசித்துப் பார்த்தால் டிஜிட்டல் மின் நிர்வாகத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது, வைத்தியம்கூடச் சரிதான். ஆனால் நோயாளியிடம் சொல்லவில்லை. பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும் என்று தெரியாமல் புது ஃபோன் வாங்கியவர்கள் உண்டு. 2017 டிசம்பரில் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2020 பிப்ரவரியில் பிரெஞ்சு நுகர்வோர் துறை 25 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. கவனியுங்கள், வேகத்தைக் குறைத்ததற்கு அல்ல, சொல்லாததற்கு.

2021 ஜனவரி 1 முதல் அங்கே இன்னொன்று வந்தது. ஃபோன், லேப்டாப், டி.வி., துணி துவைக்கும் இயந்திரம், புல்வெட்டி ஆகியவற்றைக் கடையில் வைத்தால் பக்கத்தில் பத்துக்கு எத்தனை என்று 'பழுதுபார்க்கும் மதிப்பெண்' போடவேண்டும் என்று அப்போது விதித்தார்கள். விவரக் கையேடு தருகிறார்களா, சுலபமாகக் கழற்ற முடியுமா, உதிரிபாகம் கிடைக்குமா, என்ன விலை என்றெல்லாம் பார்த்துப் போடும் மதிப்பெண். அந்த முதல் பட்டியலில் ஃபிரிட்ஜ் இல்லை என்பது என் துரதிர்ஷ்டம். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஒரு இணையதளம் திறந்தது. மதிப்பெண் முறை பற்றி ஆராய்ந்த குழு 2025-இல் அறிக்கை கொடுத்திருக்கிறது. குழு அறிக்கைகள் எந்த அலமாரிக்குப் போகும் என்பதை அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டாம். இந்தத் தடவை மேஜைமேலேயே இருக்கட்டும்.

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. இந்தப் பலகைகளில் 230 வோல்ட்டை நேர்மின்னாக மாற்றி 300 வோல்ட்டுக்கு மேல் கப்பாசிட்டரில் தேக்கி வைத்திருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். லித்தியம் பேட்டரியைத் தப்பாகத் தொட்டால் தீ. கண்டவனும் திறக்கக்கூடாது என்கிறார்கள். சரி, நான் திறக்கவில்லை. ஆனால் முத்தியால்பேட்டை மெக்கானிக் கண்டவன் அல்ல. அவருக்கு அந்த எண்களின் பட்டியலும், நியாயமான விலைக்கு ஒரு போர்டும் கொடுத்தால் பதினொரு நாள் ஒரே நாளாகியிருக்கும். ஆபத்து என்று சொல்லிப் பட்டியலை மறைப்பது, ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை முடிவை நோயாளிக்குக் காட்டமாட்டேன் என்பதைப் போன்றது.

இப்போதெல்லாம் எந்தச் சாமான் வாங்கப் போனாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். இதன் போர்டு என்ன விலை? எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்? பழுது எண்களின் பட்டியலை எழுத்தில் தருவீர்களா? போன வாரம் துணி துவைக்கும் இயந்திரம் பார்க்கப் போனபோது கடைப் பையன் முதலில் முழித்தான். தங்கமான பையன், சலித்துக்கொள்ளாமல் கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கேட்டான். முதல் கேள்விக்குப் பதில் வந்தது, இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரண்டுக்கும் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை துணி கையால்தான்.