பழைய வீட்டுக்குப் பொய்த் தூண் வேண்டாம்

பழைய வீட்டை என்ன செய்வது என்று கேட்டால் நம் பக்கத்தில் இரண்டே பதில். ஒன்று, ஜே.சி.பி.யை வரவழைத்து இடித்துவிடு. மற்றொன்று, வாசலில் கான்கிரீட்டில் நாலு உருண்டைத் தூண் நிறுத்தி, மஞ்சள் பூசி, பாரம்பரிய இல்லம் என்று எழுதிவிடு. முதலாவது கொலை. இரண்டாவது வேஷம். இரண்டும் வேண்டாம் என்கிறேன்.

வீட்டுக்காரர்களின் தேவை நியாயமானதுதான். இரவில் மூன்று முறை எழுந்து முற்றம் தாண்டிக் கொல்லைக்குப் போகும் கஷ்டம் என் முழங்காலுக்கும் தெரியும். கழிப்பறை வேண்டும், பேரப்பிள்ளைகள் வந்தால் தங்க அறை வேண்டும். அதற்காகத் திண்ணையையும் முற்றத்தையும் பலி கொடுப்பானேன்?

புது அறைகளைக் கொல்லைப் பக்கம் கட்டுங்கள். உயரம் பழைய கூரைக்கு மேலே போகவேண்டாம். புதுச் சுவரைப் பழைய சுவரோடு பிணைக்காமல், தனி அஸ்திவாரம் போட்டு, நடுவில் ஒரு சிறு நடை விடுங்கள். பழைய வீடு மண்ணில் எப்போதோ இறங்கி நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கட்டிப்போட்டால் விரிசல்தான் மிச்சம். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசவே பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைக்கும். பிறகு உப்புப் பூத்துச் செங்கல் உதிரும்.

புதியது புதியதாகவே தெரியட்டும். பழையதோடு இசைய வேண்டும், பழையது என்று ஏமாற்றக் கூடாது. 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் சாரமும் இதுதான். பாரிஸில் லூவ்ர் அரண்மனை முற்றத்தில் 1989-இல் கண்ணாடிப் பிரமிடு வைத்தார்கள். பிடிக்காதவர்கள் உண்டு, ஏமாந்தவர்கள் இல்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரியில் இரண்டு பாடமும் இருக்கின்றன. வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளைத் திண்ணையும் தாழ்வாரமுமாகச் சீர்செய்தார்கள். 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. பராமரிப்பின்றி விடப்பட்ட மேரி கட்டடமோ 2014 நவம்பர் மழையில் சரிந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அழகுதான், ஆனாலும் நகல் நகல்தானே? அலுவலகத்தில்கூட அசல் தொலைந்தால் நகலுக்கு மதிப்புக் குறைவு.

பிரான்சில் 1943 முதலே, சின்னமாக அறிவித்த கட்டடத்தின் பார்வையில் 500 மீட்டருக்குள் எதைக் கட்டவும் அனுமதி வேண்டும். இங்கே 2012-இல் பாரம்பரிய ஆணையத்துக்குச் சட்டம் வந்தது. பட்டியல் நம் தெருவுக்கு வரும்வரை ஓட்டு வீடுகள் காத்திருக்குமா? கோப்பு நகரும் வேகம் தெரிந்தவன் சொல்கிறேன், காத்திருக்காது. 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தில் இருந்த தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவிடமாகித் தப்பியது. எல்லா வீட்டிலும் ராஜாஜி பிறப்பாரா?

ஆகவே அரசாங்கத்தை எதிர்பார்க்காதீர்கள். இடிக்கக் கையெழுத்துப் போடும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டுங்கள். அவரும் முடியாது என்றால் பிறகு யோசிக்கலாம்.