இருமல் மருந்தில் விஷம்: லேபில் கண்டுபிடிப்பது எப்படி?

மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 2025-ல் குழந்தைகளின் உயிரைப் பறித்த 'கோல்ட்ரிஃப்' சிரப், நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்து கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்ததில், அதில் 48.6% டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1% தான்.

ஏன் கண்ணுக்குத் தெரியல?

சிரப்பில் மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பாங்க. டைஎத்திலீன் கிளைக்காலும் அதே மாதிரி நிறமில்லாத, கெட்டியான திரவம், ருசியும் இனிப்பு. ஆனால், இது சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும்.

சூடு எப்படி பிரிக்குது?

இதற்கான முக்கிய பரிசோதனை 'கேஸ் குரோமட்டோகிராபி'. மாதிரியை ஆவியாக்கி, அடுப்புக்குள் சுருட்டி வைத்த மெல்லிய குழாயில் அனுப்புவாங்க. எடுத்ததுமே அதிக சூடு வைத்தால் எல்லாம் ஒட்டுமொத்தமா வெளியே வந்துடும். குறைந்த சூட்டிலேயே வைத்தால் சில பொருட்கள் வெளியே வர ரொம்ப நேரமாகும். அதனால் சூட்டைப் படிப்படியா ஏத்துவாங்க. 188 டிகிரியில் கொதிக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் முதலில் வரும். சுமார் 245 டிகிரியில் கொதிக்கும் விஷம் பின்னால் தனியா வரும். கணினி வரைபடத்தில் தனி முனையா மாட்டிக்கும்.

அப்புறம் எங்கே சிக்கல்?

தொழில்நுட்பத்தில் இல்லை. 1972-லேயே சென்னையில் இதே விஷத்துக்குக் குழந்தைகளைப் பறிகொடுத்திருக்கோம். ஆனாலும், சில நிறுவனங்கள் ஒவ்வொரு பேட்ச் மூலப்பொருளையும் சோதிப்பதில்லை என்பது 2025 அக்டோபரில் மத்திய மருந்து கட்டுப்பாட்டாளர் அனுப்பிய சுற்றறிக்கையில் தெரிய வந்தது. குழந்தைகள் இறந்த பிறகு லேபில் செய்த சோதனையை, மூலப்பொருள் கம்பெனிக்குள் வந்த அன்றே செய்திருக்கணும்.