தண்டனைக்கும் விடுமுறையா?

தோழனே!

"குற்றவாளிக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, அவர் உடனே கடல்கடந்து உல்லாசப் பயணம் புறப்பட்டார்" என்று நாடகத்தில் ஒரு காட்சி அமைத்தால், கொட்டகையில் இருப்போர் கைகொட்டிச் சிரிப்பர். காட்சி எழுதியவனுக்குப் புத்தி தடுமாறிற்று என்பர். ஆனால், உலகம் என்னும் மேடையிலே அந்தக் காட்சி நடந்தே இருக்கிறது.

அமெரிக்கத் திரைப்பட நடிகை லிண்ட்சே லோகன். 2012இல் கலிபோர்னியாவில் நேர்ந்த கார் விபத்தை ஒட்டிய வழக்கில் அவருக்குக் கிடைத்த தண்டனையில் 240 மணி நேரச் சமூக சேவையும் அடங்கும். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அவரோ 2014ஆம் ஆண்டின் இறுதியில் பசிபிக் கடலின் போரா போராத் தீவிலே விடுமுறையைக் கழித்தார். அங்கே சிக்குன்குனியாக் காய்ச்சல் கண்டதென்று அவரே உலகுக்கு அறிவித்தார். இலண்டனில் நாடகம் நடித்தபோது இரசிகர்களைச் சந்தித்து அளவளாவியதும் சேவைக் கணக்கில் ஏறியிருந்தது! அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். 2015இல் நீதிமன்றம் கணக்கைத் திருத்தி, மேலும் 125 மணி நேரம் உழைக்கச் சொல்லிற்று.

இத்தாலியைப் பார். பலமுறை பிரதமராக வீற்றிருந்த பெர்லுஸ்கோனி, வரி மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார். 2014 மே மாதம் முதல் மிலான் நகருக்கு அருகே, முதியோர் இல்லமொன்றில் வாரத்துக்கு 4 மணி நேரம் தொண்டு செய்யவேண்டும் என்பது உத்தரவு. வாரத்துக்கு நான்கே மணி! ஆயினும் ஒன்றை மறவாமல் செய்தனர்: கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டனர். தாம் வாழ்ந்த மாநிலத்தை விட்டு உரோம் நகருக்குச் செல்வதற்கும் நாள் குறித்துத்தான் அனுமதி தந்தனர். கோடீசுவரருக்குத் தந்த தண்டனை சிறிது. எனினும், சிறிய தண்டனைக்கும் வேலி வேண்டும் என்ற அறிவு அங்கே இருந்தது.

அயல்நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பாய். அந்தத் தண்டனை நம் வாயிற்படி ஏறி வந்துவிட்டது, தோழனே! 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, நாக்கைச் சுளுக்கவைக்கும் பெயர் என்றாலும் நம்மை ஆளும் சட்டம். அதன் நான்காம் பிரிவு, சமூக சேவையையும் தண்டனைகளுள் ஒன்றாக்கியிருக்கிறது. ஆறு குற்றங்களுக்கு அதை விதிக்கலாம். முதல் முறையாக 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தவன். குடித்துவிட்டுப் பொது இடத்திலே தொல்லை தந்தவன். நீதிமன்றம் பிரகடனம் செய்தழைத்தும் வராதவன். அதிகாரியைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயன்றவன். சட்டத்தை மீறி வணிகம் நடத்திய அரசு ஊழியர். பிறர்மீது அவதூறு சொன்னவர். ஒரே பட்டியலில் பசித்தவனும் இருக்கிறான், பதவி வகித்தவரும் இருக்கிறார்!

சமூக சேவை என்றால் யாது? உடன்வந்த நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு விளக்குகிறது: சமூகத்துக்குப் பயன்படும் வேலை, அதற்கு ஊதியம் இல்லை. அவ்வளவே! எத்தனை மணி நேரம்? எத்தனை நாளுக்குள்? மேற்பார்வை யாருடையது? இடையிலே ஊரைவிட்டுப் போகலாமா, நாட்டைவிட்டுப் போகலாமா? இந்தச் சட்டங்களின் வாசகத்தைப் புரட்டிப் பார், விடை இல்லை.

கடவுச்சீட்டுச் சட்டமாவது காக்குமா? 1967ஆம் ஆண்டுச் சட்டம் அது. வழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டை மறுக்கலாம். நீதிமன்ற அனுமதி பெற்றால் தரலாம் என்று 1993ஆம் ஆண்டு அறிவிக்கை கூறுகிறது. தண்டனை பெற்றவரைப் பற்றியும் அச்சட்டம் பேசுகிறது. ஆனால், ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டாண்டுக்குக் குறையாத சிறை பெற்றவரைப் பற்றித்தான் பேசுகிறது. சமூக சேவை சிறையன்று! ஆக, குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை வெளிநாடு செல்ல நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். மெய்ப்பிக்கப்பட்டு, சேவைத் தண்டனை பெற்று, வழக்கும் முடிந்துவிட்டால், நீதிபதி தம் உத்தரவில் தனியே தடை எழுதினாலன்றி, வழி திறந்து கிடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் காத்திருக்க, குற்றவாளி விமானம் ஏறலாம்! இதனினும் விந்தை வேறுண்டோ?

இனி, கும்மிடிப்பூண்டிக்கு வா.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் அடிதடி வழக்கொன்றில் சிக்கினான் என்று வைத்துக்கொள். நிபந்தனை ஜாமீன் கிடைக்கிறது. நாள்தோறும் காலை 10.30 மணிக்குக் காவல்நிலையத்தில் கையெழுத்து! முதல் ஷிப்டு போயிற்று. அன்றைய கூலியும் போயிற்று. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திர எல்லை. அப்பால் தடா, ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகள். அங்கே வேலை இருக்கிறது. போனால் கையெழுத்து தவறும். கையெழுத்து தவறினால் ஜாமீன் போகும். அவன் இன்னும் குற்றவாளி அல்லன், தோழனே! தீர்ப்பே வரவில்லை! கூப்பிடு தூரத்து எல்லையைத் தாண்டிக் கூலிக்குப் போகவும் அவனுக்கு வழியில்லை.

அதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே வாழ்வோர்மீது வழக்கில்லை, தீர்ப்பில்லை. போருக்குத் தப்பி வந்ததன்றி அவர்கள் செய்த பிழை ஏதுமில்லை. வெளியூர் சென்று தங்குவதற்கு அதிகாரியிடம் அனுமதி கேட்டு நின்றே அவர்களுடைய ஆண்டுகள் பல கழிந்தன. குற்றமே செய்யாதவருக்கு வேலி. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவருக்கு விமானமா?

செல்வருக்கு வழி எப்படித் திறக்கிறது என்பதையும் அறிந்துகொள். 2019 ஜனவரியில், முன்னாள் நிதியமைச்சரின் மைந்தர் கார்த்தி சிதம்பரம் வெளிநாடு செல்ல அனுமதி கேட்டபோது, 10 கோடி ரூபாய் கட்டிவிட்டுப் போகலாம் என்றது உச்சநீதிமன்றம். அவர்மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே, போக உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஆரம்பாக்கத்து எல்லையைத் தாண்ட 10,000 ரூபாய் கட்டச் சொன்னால் சிப்காட் தொழிலாளி எங்கே போவான்? விலை குறித்த உரிமை, விலை கொடுப்பவனுக்குத்தானே உரிமை!

"வெளிநாடு செல்வது அடிப்படை உரிமை அல்லவா?" என்று சட்டம் கற்றோர் கேட்பர். ஆம். 1967இல் சத்வந்த் சிங் வழக்கிலும், 1978இல் மேனகா காந்தி வழக்கிலும் உச்சநீதிமன்றம் அதை நிலைநாட்டிற்று. அரசுக்கு வேண்டாதவரை அடைத்து வைக்காதபடி அந்த உரிமை காக்கிறது. நாமும் அதைப் போற்றுகிறோம். ஆனால், அதே தீர்ப்புகள் நியாயமான சட்ட முறைப்படி உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்பதையும் ஏற்கின்றன. தண்டனையைவிட நியாயமான காரணம் வேறென்ன இருக்கிறது?

சிறை உடலைப் பூட்டுகிறது. அபராதம் பணப்பையைத் தொடுகிறது. பெருத்த பைக்கு அது கொசுக்கடி. சமூக சேவை ஒன்றுதான் மனிதனின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. நேரத்தைச் செல்வரும் விலைக்கு வாங்க முடியாது. நாளொன்றுக்கு அவருக்கும் 24 மணி, நமக்கும் 24 மணி. தண்டனைகளுக்குள் சமத்துவ மணம் சிறிதேனும் வீசுவது இதிலேதான். அந்த நேரத்தின் நடுவே உல்லாச விடுமுறை கொடுத்தால், எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தது ஆகாதா?

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே சமநீதி கண்ட சோழன் சிலையாக நிற்கிறான். கன்று மாண்டதற்குத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவன் என்பது கதை. அவன், "மகனே, ஆரவாரம் அடங்கும்வரை அயல்நாடு சென்று இளைப்பாறி வா" என்றா சொன்னான்? அந்தக் கொடுந்தண்டனையை நாம் வேண்டவில்லை. மன்னன் மகனுக்கும் பசுவின் கன்றுக்கும் ஒரே தராசு என்றானே, அந்தத் தராசைக் கேட்கிறோம்.

நாம் கேட்பது இவை. தீர்ப்பிலேயே மணி நேரமும் கெடுவும் எழுதப்படவேண்டும். வருகைப் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். சேவை முடியும்வரை கடவுச்சீட்டு நீதிமன்றத்தில் இருக்கவேண்டும். தாய் தந்தையர் மறைவு, கடும் நோய், பிழைப்பு ஆகியவற்றுக்கு விடுப்பு உண்டு, எல்லோருக்கும் உண்டு! சிறைக்கைதிகளுக்கே சாவுக்கும் நோய்க்கும் திருமணத்துக்கும் விடுப்பு வழங்கும் விதிகளை 1982இல் எழுதிய நாடு தமிழ்நாடு. எழுதத் தெரியாதவர் அல்லர் நாம். உல்லாசத்துக்கு விடுப்பு? ஒருவருக்கும் இல்லை! தொழிலாளிக்குச் சேவை நேரம் அவன் ஷிப்டுக்கு வெளியே அமையட்டும்; தண்டனை அவனுடையது, பட்டினி அவன் பிள்ளைகளுடையது ஆகவேண்டாம்.

இன்னொன்றும் சொல்வேன். அவதூறும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மேடையேறிப் பேசும் நம்மவரில் ஒருவருக்கும் நாளை இத்தண்டனை வரலாம். வந்தால், துடைப்பத்தை எடுத்து அரசு மருத்துவமனை வாயிலில் நிற்கட்டும்; கெடு முடியுமுன் சிங்கப்பூருக்குச் சீட்டெடுக்க வேண்டாம். பிறருக்கு விதிக்கும் முறையை நமக்கும் விதித்துக்கொண்டால்தான் நம் குரலுக்கு வலிவு.

ஆகவே, தோழனே, தெருமுனைக் கூட்டத்தில் பேசு! ஆலை வாயிலில் பேசு! உன் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கொடு! ஆரம்பாக்கத்தில் ஏழைக்குப் பூட்டு, மீனம்பாக்கத்தில் செல்வருக்குத் திறப்பு என்னும் இரட்டை வழக்கு ஒழியும்வரை, கேட்டுக்கொண்டே இரு!