இடுப்பில் துப்பாக்கி: பாதுகாப்பா, கெத்தா?

எந்த உறையில் வைத்தால் சட்டைக்கு வெளியே புடைக்காது, பைக் ஓட்டும்போது இடுப்பில் குத்தாது? கைத்துப்பாக்கியை வைத்து அமெரிக்க யூடியூபர்கள் இப்படி மணிக்கணக்கில் ரிவ்யூ போடுகிறார்கள். அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமலேயே மறைத்து எடுத்துப் போகலாம். அதைப் பார்த்துவிட்டு, 'கையில காசு புழங்குது, நாமளும் ஒண்ணு வாங்கி இடுப்புல சொருகிக்கலாமா?' என்று அருப்புக்கோட்டையில் ஒருவர் யோசித்தால் என்ன ஆகும்?

யாருக்குக் கிடைக்கும்?

1959 ஆயுதச் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம் கலெக்டருக்கு, அதாவது விருதுநகருக்குப் போகும். போலீஸ் விசாரித்து அறிக்கை தர வேண்டும். 9 எம்எம் பிஸ்டல் எல்லாம் சாமானியருக்குக் கிடையாது; .32 போன்ற ரகங்கள்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி கேட்கும் விவசாயிக்குச் சட்டம் தனி இடம் கொடுத்திருக்கிறது. திருச்சுழி பக்கம் மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம், கடலை போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை என்னவென்று தெரியும். அந்த நீளத் துப்பாக்கியை யாரும் மறைப்பதில்லை. சத்தத்துக்கே அது பயன்படும். கைத்துப்பாக்கியோ மனிதனை மனதில் வைத்து வாங்குவது. அதனால்தான் அதற்கு 'தகுந்த காரணம்' காட்டச் சொல்கிறார்கள்.

மறைத்து வைக்கலாமா?

மறைத்துத்தான் வைக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு சேர்ந்த உறையிலோ பையிலோ முழுதாக மூடியிருக்க வேண்டும், நம் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். வெளியே காட்டி மிரட்டினால் லைசென்ஸே போகலாம். கோயில் ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்லூரி வளாகம் எங்கும் கொண்டுபோகக் கூடாது. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

சௌகரியமாக மறைக்கவென்றே இந்தியாவிலும் ஒன்று வந்தது. 2014-ல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வர், சுமார் 500 கிராம், பெண்களின் கைப்பைக்கு என்றே விளம்பரம். விலை 1.22 லட்சம் ரூபாய். ஆபத்தில் இருக்கும் எத்தனை பெண்களால் அதை வாங்க முடியும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

சரி, உயிரைக் காக்குமா?

மறைத்து வைத்த துப்பாக்கியின் பலமே, அது இருப்பது யாருக்கும் தெரியாது என்பதுதான். பெருநகரக் கூட்டத்தில் அது நடக்கலாம். நம்ம ஊரில்? போலீஸ் விசாரணைக்கு வந்த அன்றே தெருவுக்குத் தெரியும். சாயங்காலம் டீக்கடைக்கும் தெரிந்துவிடும். பகை உள்ளவன் அதைக் கணக்கில் வைத்தே வருவான், பின்னாலிருந்து வருவான், கூட்டமாக வருவான். சட்டையைத் தூக்கி, உறையிலிருந்து எடுத்துக் குறிபார்க்க அவன் நேரம் தரமாட்டான்.

'அரிவாளோட வர்றவன் என்ன லைசென்ஸ் வாங்கிட்டா வர்றான்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நிஜமாகவே கொலை மிரட்டல் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு லைசென்ஸ் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. நான் சொல்வது மற்றவர்களுக்கு. ஊருக்கே தெரிந்த ரகசியம் பாதுகாப்பு இல்லை, கெத்து. அரிவாளோடு ரீல்ஸ் போட்டுக் கைதாகும் பையன்களின் ஆசையும் இதுவும் ஒன்றுதான். விலை மட்டும் கூட.

கெத்துக்காகக் கள்ளத் துப்பாக்கி பக்கம் போனால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. வீட்டில் குழந்தை எடுத்து விளையாடினால் நடப்பதற்கு எந்தச் சட்டமும் ஈடு தராது.

மிரட்டல் வந்தால் முதலில் செய்ய வேண்டியது: மெசேஜ், கால் விவரங்களை அழிக்காமல் வையுங்கள். ஸ்டேஷனில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அவசரம் என்றால் 112. நாளைக்கு லைசென்ஸ் கேட்டுப் போனாலும், உங்கள் 'தகுந்த காரணத்துக்கு' அந்த ரசீதுதான் சாட்சி.